விஜயராணி வரைந்த கைகள்

விஜயராணி வரைந்த முதல் பதினான்கு படங்களில் ஒருவருக்கும் கை கிடையாது.

முகம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடையாள அட்டையில் இருக்கும் தம்மாத்துண்டு முகத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கண்ணோரத்துச் சுருக்கத்திலிருந்து மூக்குத்தித் தழும்பு வரை கேன்வாஸில் இறக்கிவிடுவாள். கழுத்துக்குக் கீழே போனால்தான் வம்பு. ஆம்பளைகளுக்குத் துண்டைப் போர்த்திவிடுவாள். பொம்பளைகளுக்கு முந்தானையை இழுத்துவிடுவாள். புக்கிட் ரோத்தான் சந்தையில் மீன் விற்ற ஒரு மனிதருக்கு எதைப் போட்டு மறைப்பது என்று தெரியாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்லி நிறுத்தியிருந்தாள். அவர் மகன் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, எங்கப்பாவ போலிஸ் புடிச்சு நிக்க வச்ச மாதிரி இருக்கு" என்றான். ஆனாலும் வாங்கிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான், முகம் அப்படி அச்சாக இருந்தது.

அவள் வரைந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். பிள்ளைகளிடம் இருப்பதெல்லாம் கைப்பேசியில் எடுத்த மங்கல் படம், அதில் பாதி கல்யாண வீட்டில் சாப்பிடும்போது எடுத்தது. கடையில் கொடுத்துப் பெரிதாக்கினால் முகம் கரைந்த சோப்புக்கட்டி போல் வரும். "ராணிகிட்ட குடுங்க, வரைஞ்சு தருவா" என்று யாரோ ஆரம்பித்து வைக்க, புக்கிட் ரோத்தானைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் அவள் பெயர் அப்படியே பரவிவிட்டது.

அவளுக்கு வயது நாற்பத்தைந்து. பிறந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தோட்டம் கைமாறி ஆட்களைக் காலி செய்யச் சொன்னபோது கிடைத்த மலிவு வீட்டில்தான் அப்பா அம்மாவோடு இருந்தாள், அவர்கள் போன பிறகும் அங்கேயே இருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலை. ஒவ்வொரு கையுறையிலும் காற்றடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் போட வேண்டும். கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை பார்த்தார்கள், அமையவில்லை, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இதில் தோண்டித் துருவ ஒன்றும் இல்லை, கேட்பவர்களுக்குத்தான் பொழுது போகவில்லை.

அடுத்த சந்தில் அவள் அக்கா நாகமணியின் வீடு. நாகமணியின் புருஷன் ரெங்கசாமி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இவர்களுக்கு ஒரே பிள்ளை, தனேஷ். நாகமணி விடியற்காலையில் தோட்டத்து வேலைக்குப் போன காலத்தில் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது விஜயராணிதான். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்று தெருவில் சொல்வார்கள். நாகமணி அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டதே கிடையாது.

கை விஷயத்தைக் கிளப்பியவனும் தனேஷ்தான். மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தான், இருபத்து மூன்று வயது, வாய் கொஞ்சம் நீளம்.

"சித்தி, நீங்க வரையிறவங்க எல்லாருக்கும் ஏன் கைய வெட்டிப்புடுறீங்க? செத்தது பத்தாதாலா அவங்களுக்கு?"

விஜயராணிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே அவன் கைப்பேசியில் வீடியோ தேடிக் கொடுத்தான். வெள்ளைக்காரன் ஒருவன், கையை முதலில் பெட்டியாகப் போடு, விரல்களை உருளையாகப் போடு என்று சொல்லிக்கொடுத்தான். அவன் சொன்னதில் பாதிதான் அவளுக்கு விளங்கியது. ஆனால் கையைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். புறங்கைப் பக்கமிருந்து பார்த்தால் நீளமாகத் தெரியும் அதே விரல், உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் குட்டையாகத் தெரிகிறது. கட்டைவிரல் மற்ற நாலு விரலோடு ஒட்டவே ஒட்டாது, அதன் நகம் எப்போதும் வேறு பக்கம் பார்க்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் சோறு தின்றேன், இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நிறம் இன்னொரு பாடு. வெள்ளைக்காரன் ரோஸ் நிறத்தைக் குழைக்கச் சொன்னான். அதைப் பூசினால் நம் ஆள் கை வெந்த இறால் மாதிரி இருந்தது. பழுப்பில் துளி நீலம் விட்டால்தான் முட்டியின் கறுப்பு வருகிறது என்று அவளாகக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று.

நிறம் பிடிபட்டது, வடிவம் பிடிபடவில்லை. பார்த்து வரைய ஒரு கை வேண்டும். தன் இடக்கையை வரைந்தாள். அது கையுறைப் பொடியில் வெளுத்த பொம்பளைக் கை, யாருக்குப் பொருந்தும்? தொழிற்சாலையில் சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு ரப்பர் பாலில் முங்கி எழும் பீங்கான் கைகளை ஞாபகம் வைத்து வரைந்து பார்த்தாள். தனேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "செத்தவருக்கு கிளவ் மாட்டி அனுப்புறீங்களா சித்தி?" என்றான். சரி, உன் கையைக் கொடு என்று அவனையே ஸ்டூலில் உட்கார வைத்தாள். இரண்டு நிமிஷம் தாண்டவில்லை. மூக்கைச் சொறிந்தான், கைப்பேசியைத் தடவினான், "முடிஞ்சிச்சா?" என்று எட்டிப் பார்த்தான். உயிருள்ள கை ஒரு இடத்தில் இருக்குமா? அவள் அவனை இரண்டு திட்டு திட்டி அனுப்பினாள்.

பெருந்தொற்று அடங்கி, செத்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவர விட்ட சமயம் அது. பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஆஸ்துமாவில் போய்ச் சேர்ந்தாள். விஜயராணி காலையிலேயே போய்ப் பொம்பளைகளோடு பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதாள், அழவேண்டிய அளவுக்கு. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், கண்ணுக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் இரண்டு கைகள். அசையாத கைகள். வெளிச்சம் ஜன்னலிலிருந்து ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. பிணத்தை எடுக்க மூன்று மணி நேரம் இருந்தது.

நம் ஆட்களிடம் செத்தவர் கையை அப்படியே விடுவதில்லை. வெள்ளைத் துணியைக் கிழித்து, இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டுவார்கள். கையையும் வயிற்றின்மேல் வைத்து, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விஜயராணி அந்தத் துணியைக் கண்ணால் கழித்துவிட்டு மீதியைப் பார்த்தாள். நரம்பு எங்கே புடைக்கிறது, எந்த விரல் எதன்மேல் சாய்கிறது, மடிப்பில் நிழல் எப்படி விழுகிறது என்று ஒவ்வொன்றாக மனத்துக்குள் போட்டுக்கொண்டாள்.

சாவு வீட்டிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். குளித்துத் தலை துவட்டுவதற்குள் பார்த்ததில் பாதி மறந்துபோனது. அதனால் அடுத்த சாவுக்குப் போகுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்துவிட்டுப் போனாள். வந்ததும் ஈரச் சிமெண்டில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தீட்டோடு தீட்டாக வரைந்து முடித்துவிட்டு, பிறகு குளித்தாள். அந்த நோட்டு வீட்டுக்குள் வந்ததே இல்லை. அவ்வளவு ஆசாரம் அவளுக்கும் இருந்தது.

இரண்டு வருஷத்தில் பதினொரு சாவு. தெருவில் அவளுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. "ராணி மாதிரி வருமா? எந்தச் சாவா இருந்தாலும் மொத ஆளா வந்து, எடுக்குற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருக்கும்" என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். தேவதாஸ் அண்ணன் செத்தபோது அவர் சம்சாரம் இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். இவள் அந்தத் தோளுக்கு மேலாகத் தேவதாஸ் அண்ணனின் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. இருந்தும் வீட்டுக்கு வந்து வாளியைத் திறந்தாள்.

படங்களில் கைகள் வரத் தொடங்கின. மடியில் அடக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கைகள். பார்த்தவர்களுக்கு வாயெல்லாம் பல். "அப்பா நிம்மதியா உக்காந்திருக்காரு பாருங்க" என்றார்கள். செத்தவர் படத்தில் செத்தவர் கை. யாருக்கு என்ன சந்தேகம் வரும்? விஜயராணிக்கும் வரவில்லை. கை கைவந்துவிட்டது என்று நம்பிவிட்டாள் பாவி.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனேஷும் அவன் கூட்டாளி செல்வாவும் கம்போங் குவாந்தான் பக்கம் படகெடுத்துக்கொண்டு ஆற்று இறால் பிடிக்கப் போனார்கள். பிற்பகல் மழை காற்றோடு வந்தது. படகு கவிழ்ந்தது. செல்வா கரையேறினான். தனேஷ் ஏறவில்லை.

தீயணைப்புப் படையினர் எட்டு நாள் தேடினார்கள். நாகமணி எட்டு நாளும் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காலணி கிடைத்தது, இறால் பெட்டி கிடைத்தது. ஒன்பதாம் நாள் படகுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து, கடலோரச் சதுப்பில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது, வந்து அடையாளம் பாருங்கள் என்று போலிஸிலிருந்து கூப்பிட்டார்கள். ரெங்கசாமிக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை, விஜயராணியையும் கூட்டிக்கொண்டு போனார். பிண அறையில் துணியை விலக்கினார்கள். நரைத்த தலை. யாரோ வேற்று நாட்டு ஆள், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இருவரும் வெளியே வந்து ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றார்கள். அது தனேஷ் இல்லை என்பதில் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவர்களுக்கே விளங்கவில்லை.

"அவன் இல்ல" என்று வந்து சொன்னார்கள்.

"எனக்குத் தெரியும். அவன் எங்கயோ கரை ஏறிட்டான். தலையில அடிபட்டு ஞாபகம் இல்லாம இருக்கான்" என்றாள் நாகமணி.

அன்றிலிருந்து அவள் அழவில்லை. இதுதான் எல்லாரையும் கலக்கியது. பெற்ற பிள்ளையைக் காணோம், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மத்தியானம் அவனுக்கும் தட்டு வைத்தாள். அவன் சட்டைகளைத் துவைத்துப் போட்டாள். கிரில் கதவைப் பூட்ட விடவில்லை. ஒருநாள் பிற்பகல் ஆளைக் காணோம் என்று விஜயராணி ஓடிப்போய்ப் பார்த்தால், படகுத்துறைக்குப் பக்கத்தில் நிப்பாப் பனைச் செடிகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்தில் நின்று, "தனேசு, வாய்யா, சோறு ஆறுது" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேற்றில் இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் ஆள் போயிருப்பாள். விஜயராணி அவளை இழுத்துக்கொண்டு கரையில் விழுந்தாள். அந்த வாரத்திலேயே இன்னொரு தடவை போனாள். அப்போது ஆற்றோரம் சம்பான் படகைக் கட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்.

மூன்று மாதம் பார்த்த ரெங்கசாமி, கோயில் ஐயரிடம் போய்க் கேட்டார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்யலாம் என்று ஐயர் நாள் குறித்துக் கொடுத்தார். ரெங்கசாமி அதை வீட்டில் சொன்னதுதான் தாமதம், நாகமணி எழுந்து நின்றுவிட்டாள்.

"உசுரோட இருக்கற புள்ளைக்குக் காரியம் பண்ணுவியா நீ? பண்ணு. அன்னிக்கே நான் அந்த ஆத்துல எறங்குறேன். ரெண்டு பேருக்கும் சேத்துப் பண்ணிக்க."

சும்மா மிரட்டுகிறாள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சேற்றோடு அவளை இழுத்து வந்தவளுக்குத் தெரியாதா?

அன்று மாலையே நாகமணி தங்கையின் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ராணி, எனக்கு அவன வரைஞ்சு குடு. மாலை போடுற படம் வேணாம். உசுரோட உக்காந்திருக்கற மாதிரி. பட்டறையில ஸ்டூல்ல உக்காருவானே, அப்படி. கையோட வரையணும், சொல்லிட்டேன். அவன் கைய மறைச்சேன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"வரையிறேன்க்கா."

"அந்தப் படத்த கூடத்துல வச்சுட்டேன்னா நான் ஆத்துப் பக்கம் போவ மாட்டேன். சத்தியமா. அவன் வர்ற வரைக்கும் அதப் பாத்துக்கிட்டு இருந்துடுவேன்."

விஜயராணி தொழிற்சாலையில் ஒரு வாரம் லீவு சொன்னாள். மூன்றடி உயரக் கேன்வாஸ். முகத்துக்குப் படம் பஞ்சமில்லை, அவள் கைப்பேசி முழுக்க அவன்தான். இரண்டாம் நாளே முகம் வந்துவிட்டது. அந்த நக்கல் சிரிப்பு, ஒரு புருவம் தூக்கல், எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. மூன்று தடவை தூரிகையை வைத்துவிட்டு எழுந்துபோய் அழுதுவிட்டு வந்தாள்.

கைக்கு மட்டும் படம் இல்லை. எல்லாப் படத்திலும் கை ஒன்று பையில், அல்லது கைப்பேசியைப் பிடித்தபடி வெளியே. கைப்பேசியில் எடுத்த படத்தில் யார் கை முழுசாக விழுகிறது? அவள் தனக்குத் தெரிந்ததை வைத்து வரைந்தாள். அளவு அவனுடையது, நிறம் அவனுடையது, நகக்கண்ணில் அப்பியிருந்த கிரீஸ் கறுப்பு அவனுடையது. ஸ்பேனர் வழுக்கி ஆள்காட்டி விரலில் விழுந்த தழும்பைக்கூட விடவில்லை. இரண்டு கையும் மடியில். நாலு நாள் அந்தக் கையோடு மல்லுக்கட்டினாள். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது, இதுவரை வரைந்ததிலேயே நல்ல கை இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் பெருமைகூடப் பட்டாள்.

காரியத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை காலை, ரெங்கசாமியும் அவளுமாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் நாற்காலிமேல் சாய்த்து வைத்தார்கள். நாகமணி குளித்துப் பொட்டு வைத்துக் காத்திருந்தாள். துணியை எடுத்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டியாய்யா" என்றாள். முகத்தைத் தடவினாள், காதைத் தடவினாள், சட்டைக் காலரை நீவிவிட்டாள். ரெங்கசாமி வாசல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் விரல் சட்டை வழியாக இறங்கி மடிக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது.

"கட்டவெரல யாரு கட்டுனது?" என்றாள்.

"என்னாக்கா?"

"கட்டவெரல யாருடி கட்டுனதுன்னு கேக்கறேன்."

விஜயராணி பார்த்தாள். நாலு நாளாகப் பார்த்தும் தெரியாதது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு கட்டைவிரலும் பக்கத்தில் பக்கத்தில், ஒட்டி, நகம் இரண்டும் மேலே பார்த்துக்கொண்டு. மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறவன் எவனுக்கும் கட்டைவிரல் அப்படி நிற்காது. துணியை அவள் வரையாமல் விட்டிருந்தாள், ஆனால் துணி இழுத்த இழுப்பை அப்படியே வரைந்து வைத்திருந்தாள். பதினொரு பிணத்தில் படித்த பாடம் வேறு எப்படி வரும்?

"கட்டு எங்கக்கா இருக்கு? சும்மா கைய வச்சிருக்கான்."

"எத்தன சாவு பாத்திருப்பேன் நானு? எத்தன பேருக்குக் கட்டியிருப்பேன்? எங்கிட்டயே சொல்றியா?" நாகமணியின் குரல் உயரவில்லை, இறங்கியது. "நீ பாத்திருக்கே. பாக்காம இப்படி வரைய முடியாது. அன்னிக்கு ஆஸ்பித்திரிக்குப் போனீங்களே ரெண்டு பேரும். அது அவன்தானே?"

"ஐயோ, இல்லக்கா!"

"அதான் இந்தாளு காரியத்துக்குப் பறக்குறாரா? எனக்குக் காட்டாம எரிச்சுட்டீங்களா? ராணி, நீ கட்டிவிட்டியா? உங்கையாலயா கட்டுனே?"

விஜயராணி பின்பக்கமாக ஓடினாள். சந்து தாண்டித் தன் வீட்டுப் பின்கட்டுக்குப் போய் வாளியைத் திறந்து நோட்டை எடுத்தாள். இதைக் காட்டினால் போதும். பாருக்கா, நல்லம்மா கை, தேவதாஸ் அண்ணன் கை, இப்படித்தான் படித்தேன், எனக்கு வேறு கை தெரியாது என்று காலில் விழுந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது. காறித் துப்பட்டும், பரவாயில்லை. நோட்டோடு அக்கா வீட்டுப் பின்வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

உள்ளே நாகமணி அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று மாதமாக வராத அழுகை அது. தரையில் உட்கார்ந்து, தலைமுடி அவிழ்ந்து, மாரில் அறைந்துகொண்டு, "ஐயோ என் ராசா, என்னப் பெத்த சாமி, போயிட்டியா, அம்மாகிட்ட சொல்லாம போயிட்டியா" என்று தெருவே கேட்கக் கதறினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாகமணி அவள் தோளில் சாய்ந்து, செத்த பிள்ளையைச் சொல்லி, பேர் சொல்லி, ஒப்பாரி வைத்தாள்.

விஜயராணி கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். இதை உள்ளே கொண்டுபோனால் இந்த அழுகை நின்றுவிடும். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பார்த்தியா, நான் சொன்னேனே, அவன் உசுரோடதான் இருக்கான் என்பாள். மறுபடி தட்டு வைப்பாள். கதவு திறந்தே கிடக்கும். காரியத்து அன்றைக்கு ஆறு இருக்கிறது. எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. குனிந்து, பின்வாசலில் துணி ஊறிக்கொண்டிருந்த வாளித் தண்ணீருக்குள் நோட்டை அமுக்கிவிட்டு உள்ளே போனாள்.

நாகமணி நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுடி. அது அவன்தானே?"

"ஆமாக்கா" என்றாள் விஜயராணி. "அவன்தான்."

ரெங்கசாமி விருட்டென்று இவள் பக்கம் திரும்பினார். பிண அறையில் நரைத்த தலையை இவளோடு சேர்ந்து பார்த்த மனிதர். அவர் வாய் திறந்தால் எல்லாம் போச்சு. அவர் இவளையே பார்த்தார், பிறகு தரையில் கிடந்த தன் பெண்சாதியைப் பார்த்தார்.

"ஆமா நாகு. பாக்குற நெலமையில இல்ல. நாந்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன்" என்றார்.

"கட்டுனது யாரு?"

"நாந்தான்க்கா" என்றாள் விஜயராணி.

நாகமணி எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பிடித்து இழுக்கும் வரை அறைந்தாள். "பெத்தவ மொகத்தக் காட்டாம எரிச்சீங்களேடி பாவிங்களா! அதையே வந்து கூடத்துல வரைஞ்சு வைக்கிறியே, நீ நல்லா இருப்பியா? உங்கையில புழு வைக்காதா?" விஜயராணி தடுக்கவில்லை. அவள் அடிக்க அடிக்க இவளுக்கு நெஞ்சில் ஏதோ இறங்குவது போலத்தான் இருந்தது, வலியா ஆறுதலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

ஐயர் குறித்த நாளில் காரியம் நடந்தது. ஆற்றுக்குப் போக வேண்டும் என்று நாகமணி சொல்லவில்லை. முறை செய்யாமல் எரித்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டே தர்ப்பை உருவத்துக்கு வாய்க்கரிசி போட்டாள், அழுதாள், மயங்கினாள், தண்ணீர் தெளித்ததும் எழுந்து மறுபடி அழுதாள். பெற்றவள் செய்யும் எல்லாவற்றையும் செய்தாள். ரெங்கசாமி மொட்டை போட்டுக்கொண்டார். அவரோடு அவள் ஒரு மாதம் பேசவில்லை, பிறகு பேசினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனிடம் எத்தனை நாள் முகத்தைத் திருப்புவது? தங்கையிடம் அந்தக் கட்டாயம் ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ரெங்கசாமி ஒருதரம் பட்டறைப் பக்கம் வைத்துக் கேட்டார். "வேணாம் மாமா. மறுபடி அக்கா நெஞ்சுக்குள்ள அவனுக்கு உசுரு வந்துடும். நம்மால முடியாது" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவள் யாரையும் வரையவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் கண் சரியாகத் தெரியவில்லை என்கிறாள். சாவு வீடுகளுக்கும் கடைசியாகப் போய், வாசலில் நின்று, தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறாள்.

காரியத்து அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் அவள் ரெங்கசாமியிடம்கூடச் சொல்லவில்லை. கூட்டம் சாப்பிட உட்கார்ந்திருந்தது. விஜயராணி வேலியோரம் ஒதுங்கி நின்றிருந்தாள். நாகமணி நேராக அவளிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது, தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுக்கு மட்டும் பதில் சொல்லு. அப்புறம் இந்த ஜென்மத்துல நான் உங்கிட்ட பேச மாட்டேன்."

விஜயராணி தலையாட்டினாள்.

"அந்த ஆத்துல முதலை இருக்குன்னு பேசிக்கிறாங்க. நீதான் கட்டுனேன்னு சொன்னியே." நாகமணி தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரித்தாள். "அவனுக்கு வெரல் எல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா" என்றாள் விஜயராணி. "பத்தும் இருந்துச்சு."

நாகமணி தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய்ப் பாயில் உட்கார்ந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தொடங்கினாள்.